வாத்தியக் கேள்வி–பதில்: பெட்டியோடு வந்த டிரம்பெட்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பலவும் ஒரே சங்கதியைச் சுற்றியவை. தாத்தாவோ மாமாவோ ஊதிய டிரம்பெட், அவர் காலத்துக்குப் பின் பெட்டியோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இனி அதை என்ன செய்வது? இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

கேள்வி: தாத்தாவின் டிரம்பெட் கறுத்துப்போய்க் கிடக்கிறது. அடுத்த மாதம் அவருடைய நினைவு நாள். அதற்குள் பளபளவென்று தேய்த்து ஹாலில் வைக்க ஆசை. எந்த பாலிஷ் நல்லது?

எதுவும் வேண்டாம். பாலிஷ் டப்பாவை ஓரம் வைத்துவிட்டு ஒரு டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுங்கள். இந்தக் கருவி யாருடையது, எப்போது செய்தது, எந்த ரகம் என்பதெல்லாம் உலோகத்தின் மேல் முடி அளவு ஆழத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உராய்வுத் தூள் கலந்த பாலிஷ் முதலில் தின்பது அந்த எழுத்தைத்தான். தேய்த்தபின் படிக்க முடியாது. படித்தபின் வேண்டுமானால் தேய்க்கலாம்.

முதலில் பெல், அதாவது விரிந்த வாய். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பும். தயாரிப்பாளர் பெயர், ஊர், ரகத்தின் பெயர் மூன்றும் பெரும்பாலும் இங்கே இருக்கும். அடுத்து வால்வுகள். மூன்றில் நடுவில் உள்ள இரண்டாம் வால்வின் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். வரிசை எண்ணை அதிகம் பேர் அடித்தது அங்கேதான். அதன் பக்கத்திலோ கீழேயோ குழாயின் உட்துளை அளவைக் குறிக்கும் எழுத்து இருக்கலாம். பிறகு மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) செருகும் குழாய், ஸ்லைடுகளின் (இழுத்து நீட்டும் வளைகுழாய்கள்) கால்கள், வால்வு மூடிகள். கண்ணில் படும் ஒவ்வொரு எண்ணையும் எழுத்தையும் அப்படியே குறித்துக்கொண்டு, படமும் எடுத்துவிடுங்கள். ஐயமுள்ள எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள். 3-ஐ 8 என்று குறித்துவிட்டு முப்பது வருடம் தள்ளிப் போனவர்கள் உண்டு.

ஊர்ப் பெயரை யாரும் கவனிப்பதில்லை. காலத்தைக் காட்டுவதில் வரிசை எண்ணுக்கு அடுத்தபடி அதுதான் உதவும். வின்சென்ட் பாக் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரின் கருவியில் ‘நியூயார்க்’ என்றிருந்தால் 1953-க்கு முந்தியது. அந்த ஆண்டு பட்டறை மவுண்ட் வெர்னனுக்குப் போனது. 1961-ல் நிறுவனத்தை செல்மர் என்ற இன்னொரு வாத்திய நிறுவனம் வாங்கியது. 1960-களின் நடுவிலிருந்து ‘எல்க்கார்ட்’ என்று வரும். ஓல்ட்ஸ் கருவியில் ‘லாஸ் ஏஞ்சலஸ்’ முந்தியது, ‘ஃபுல்லர்டன்’ 1950-களின் நடுவுக்குப் பிந்தியது. 1979-ல் கடையையே மூடிவிட்டார்கள். ஹோல்ட்டன் 1918-ல் சிகாகோவிலிருந்து எல்க்ஹார்னுக்கு மாறினார். (எல்க்கார்ட் இண்டியானாவில், எல்க்ஹார்ன் விஸ்கான்சினில். இரண்டும் வாத்தியப் பட்டறை ஊர்கள், குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.) கான் கருவியில் பெயருக்குப் பின் ‘லிமிடெட்’ இருந்தால் 1915-க்குப் பிறகு. ‘பூசி அண்ட் ஹாக்ஸ்’ என்று சேர்ந்து வந்தால் 1930-க்குப் பிறகு, ஏனென்றால் இரு நிறுவனங்களும் இணைந்தது அந்த ஆண்டில். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றால் 1918-க்கு முன் இருக்க வழியில்லை. அந்தப் பெயரில் நாடே அப்போதுதான் பிறந்தது.

ஒரு எச்சரிக்கை: காப்புரிமைத் தேதி பொறித்திருந்தால் அதைப் பிறந்த தேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காப்புரிமை கிடைத்து இருபது வருடம் கழித்தும் அதே தேதியை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ‘இதற்கு முன் செய்ததல்ல’ என்று மட்டுமே அது சொல்லும்.

கேள்வி: என்னிடம் இருப்பது டிரம்பெட்டா கார்னெட்டா? கொஞ்சம் குட்டையாக இருக்கிறது.

இரண்டுக்கும் குழாயின் மொத்த நீளம் ஒன்றுதான்: பி-பிளாட் கருவி என்றால் சுமார் 148 செ.மீ. கார்னெட் அதை இன்னும் நெருக்கமாகச் சுருட்டியிருக்கும். குழாய் விரிவதிலும் வேறுபாடு உண்டு. டிரம்பெட்டில் பெரும்பகுதி ஒரே அகலம், கார்னெட்டில் படிப்படியாக விரியும். ஆனால் நீட்டிச் செய்த அமெரிக்கக் கார்னெட்டுகள் பார்வைக்கு அசல் டிரம்பெட் மாதிரியே இருக்கும். அங்கே மவுத்பீஸை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கார்னெட் மவுத்பீஸின் கால் டிரம்பெட்டுடையதைவிட ஏறத்தாழ 1 மி.மீ. ஒல்லி. டிரம்பெட் மவுத்பீஸைச் செருகினால் 25 மி.மீ. அளவுக்கு உள்ளே போய்ப் பிடிக்க வேண்டும். நுனி மட்டும் நுழைந்து நின்றுவிட்டால் உங்களுடையது கார்னெட். அதை அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பெல்லில் அழகான பூவேலை, ஒரு பெயர். அந்தப் பெயரில் எந்த டிரம்பெட் தயாரிப்பாளரும் இருந்ததாகத் தெரியவில்லை. போலியா?

போலி இல்லை, கடைப்பெயராக இருக்கலாம். பெரிய பட்டறைகள் கடைகளுக்கும் அஞ்சல்வழி விற்பனைக்காரர்களுக்கும் மொத்தமாகச் செய்து கொடுத்து, அவரவர் பெயரையே பொறித்துத் தருவது பழைய வழக்கம். இந்தத் தொழிலில் இதற்கு ‘ஸ்டென்சில்’ கருவி என்று பெயர். அமெரிக்காவில் சியர்ஸ், மான்ட்கோமரி வார்டு போன்றவர்களின் விற்பனைப் பட்டியல்களில் இப்படிப்பட்டவை வந்தன.

இவற்றைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, உடலை வைத்துத்தான். வால்வு மூடியின் வடிவம், விரல் பொத்தானில் முத்துச் சிப்பி பதித்த விதம், நீர் வடிக்கும் சாவியின் வளைவு, குழாய்களைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் நேராக இருக்கின்றனவா ‘எஸ்’ மாதிரி வளைந்திருக்கின்றனவா, இவற்றைப் படமெடுத்துப் பெயர் தெரிந்த கருவிகளோடு ஒப்பிடுங்கள். பெல்லுக்கு வேறு பெயர் பொறித்தாலும், சுண்டைக்காய் அளவுள்ள ஒரு மூடிக்காக எந்தப் பட்டறையும் புது அச்சு செய்யாது. பூவேலை அழகு என்பதற்காக உயர்ந்த ரகம் என்று நினைக்க வேண்டாம். மலிவான கருவிகளிலும் தாராளமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: மூன்று வால்வில் இரண்டு அசையவே மாட்டேன் என்கிறது. மவுத்பீஸும் இறுகிவிட்டது. குறடு போட்டுத் திருகலாமா?

குறடு இந்தக் கருவியின் பரம விரோதி. மவுத்பீஸைக் குறடால் திருகினால் அது கழன்று வருவதற்கு முன் அது செருகியிருக்கும் மெல்லிய குழாய் முறுக்கிக்கொள்ளும், தாங்கும் கம்பியின் பற்றும் விட்டுப்போகும். இதற்கென்றே ‘மவுத்பீஸ் புல்லர்’ என்ற கருவி இருக்கிறது. இரண்டு பக்கமும் திருகாணி வைத்து நேராக வெளியே தள்ளும். வாத்தியம் பழுது பார்ப்பவர் எவரிடமும் இருக்கும், ஒரு நிமிட வேலை. இறுகியதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளங்கையால் ‘டப்’பென்று தட்டிச் செருகும் பழக்கம். இனி செருகும்போது லேசாகக் கால் சுற்றுத் திருப்பினால் போதும்.

வால்வுக்குப் பொறுமைதான் மருந்து. வால்வுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பழைய எண்ணெய் அதில் பிசினாகிக் காய்ந்திருக்கும், அதனோடு களிம்பும் சேர்ந்திருக்கும். கருவியை நிமிர்த்திப் பிடித்து, மேல் மூடியைக் கையால் திருகித் திறங்கள். (அடி மூடியை முதலில் திறக்காதீர்கள், பழைய ரகங்கள் சிலவற்றில் ஸ்பிரிங் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும், தெறித்து ஓடும்.) தண்டு வழியாக வால்வு எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள். கருவியைக் கவிழ்த்து, அடி மூடியின் நடுத் துளை வழியாகவும் அதே அளவு. இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் பொத்தானை விரலால் மட்டும் அமுக்கிப் பாருங்கள். அசையவில்லையென்றால் துருவில் ஊடுருவும் மெல்லிய எண்ணெயை விட்டு இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மூன்று நாளிலும் வரவில்லையா, பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

செய்யவே கூடாதது: அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரோ குச்சியோ விட்டுத் தள்ளுவது. பிஸ்டனுக்குள் மூன்று காற்றுப் பாதைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகின்றன. அங்கே தகடு மிக மெல்லியது. ஒரு குத்துப் பட்டால் பிஸ்டன் வெளிப்புறம் உப்பும். அதன்பின் எந்த எண்ணெயாலும் அது ஓடாது.

வெளியே எடுத்த பிஸ்டன்களைக் கலந்துவிடாதீர்கள். உடம்பிலோ தலையிலோ 1, 2, 3 என்று எண் இருக்கும். இருக்கும் இடத்தையும் எண் பார்த்த திசையையும் எடுப்பதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது வழிகாட்டி முனை கூட்டின் பள்ளத்தில் ‘கிளிக்’கென்று உட்கார வேண்டும். எல்லாம் மாட்டியபின் ஊதினால் காற்றே போகவில்லை, அல்லது ஒரு விரல் அமுக்கினால் மட்டும் போகிறது என்றால் கருவி கெட்டுவிடவில்லை. ஒரு பிஸ்டன் இடம் மாறியோ திரும்பியோ இருக்கிறது.

ஸ்லைடுகளுக்கும் இதே எண்ணெய், இதே பொறுமை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எந்த வால்வின் ஸ்லைடை இழுக்கிறீர்களோ அந்த வால்வை அமுக்கிக்கொண்டே இழுங்கள். அமுக்காமல் இழுத்தால் உள்ளே காற்று அடைபட்டு, ஸ்லைடு பின்னோக்கி உறிஞ்சும். ‘இறுகிவிட்டது’ என்று வரும் ஸ்லைடுகளில் கொஞ்சம் இப்படிப்பட்டவைதாம்.

பிஸ்டனுக்குப் பதில் உருளும் வால்வு இருந்தால், அதாவது ஜெர்மானிய வகை என்றால், மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

கேள்வி: வால்வுகள் ஓடுகின்றன. ஆனால் தேய்ந்துவிட்டனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ஊதத் தெரியாது.

ஊத வேண்டாம். வால்வுக்கு எண்ணெயும் ஸ்லைடுக்கு கிரீஸும் போட்டுவிட்டு, இந்த ஒரு முறை மட்டும் வால்வை அமுக்காமலே அதன் ஸ்லைடை ஒரு செ.மீ. மெதுவாக இழுத்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வரை எண்ணி, வால்வை அமுக்குங்கள். ‘பொப்’ என்று கார்க் திறந்த சத்தம் கேட்டால் காற்று உள்ளே அடைபட்டு நின்றிருக்கிறது, வால்வு நல்ல நிலையில் இருக்கிறது. புஸ்ஸென்று ஒன்றுமே இல்லாமல் போனால் பிஸ்டனோ ஸ்லைடோ தளர்ந்திருக்கிறது. எது என்று அறிய, ஸ்லைடில் கெட்டி கிரீஸ் தடவி மறுபடி பாருங்கள். அப்போது சத்தம் வந்தால் குற்றம் ஸ்லைடில்.

கண்ணாலும் பார்க்கலாம். முலாம் பூசிய பிஸ்டனில் செம்பு நிறமோ மஞ்சளோ பட்டையாகத் தெரிந்தால் முலாம் போய்விட்டது. மறுபடி முலாம் ஏற்றிக் கூட்டுக்குப் பொருத்தலாம். நுட்பமான, செலவு பிடிக்கும் வேலை. எல்லாக் கருவிக்கும் கட்டுப்படியாகாது.

நீர் வடிக்கும் சாவியின் தக்கையை மறந்துவிடாதீர்கள். பல வருடம் கிடந்த கருவியில் அது காய்ந்து சுருங்கியிருக்கும். ஊதுபவரை வைத்து ஊதச் சொல்லி, சாவியை விரலால் இறுக்கி அமுக்குங்கள். ஒலி தெளிந்தால் கசிவு அங்கேதான். வால்வு தேய்ந்துவிட்டது என்று கைவிட்ட கருவியை ஒரு சின்னத் தக்கை மீட்டிருக்கிறது.

கேள்வி: மவுத்பீஸை ஒட்டிய குழாயில் ரோஜா நிறத்தில் புள்ளிகள், நடுவில் கறுப்பு. துடைத்தாலும் போகவில்லை. துருவா?

இரும்பு இல்லாத இடத்தில் துரு ஏது? இது பித்தளைக்கே உரிய நோய். சாதாரண மஞ்சள் பித்தளையில் ஏறக்குறைய 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். எச்சிலும் மூச்சின் ஈரமும் தங்கும் இடத்தில் துத்தநாகம் கரைந்து வெளியேறிவிடும். மிஞ்சுவது கடற்பாசி மாதிரி ஓட்டை விழுந்த செம்பு. அதுதான் அந்த ரோஜா நிறம். உள்ளிருந்து தொடங்கி வெளியே வரும் நோய் என்பதால், வெளியே புள்ளி தெரியும்போது சுவர் ஏற்கெனவே பெரும்பகுதி போயிருக்கும்.

சுருதி சேர்க்கும் பெரிய ஸ்லைடைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். உட்சுவர் குண்டும் குழியுமாக இருந்தால் அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும். செம்பு கூடுதலான பித்தளையில் இந்த நோய் மெதுவாகவே வரும். மாற்றும்போது அதைக் கேட்டு வாங்கலாம். ஊதப்போவதில்லை என்றால் மாற்றவே வேண்டாம், ஈரம் போனால் நோயும் நின்றுவிடும். மாற்றினாலும் பழைய குழாயைத் தூக்கி எறியாமல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.

உள்ளே கழுவுவது நல்லது. பழைய அழுக்கில் பூஞ்சை இருக்கும். கழுவாமல் அதிலிருந்து மூச்சிழுக்கக் கூடாது. பிஸ்டன்களையும் கம்பளித் துண்டுகளையும் எடுத்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டைவிடக் குறைந்த வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 15 நிமிடம். வளையும் தூரிகையால் ஒவ்வொரு குழாயாக. சுடுநீர் பட்டால் பழைய லாக்கர் (உலோகத்தைக் காக்கும் வார்னிஷ் பூச்சு) தோல் உரிந்த மாதிரி கிளம்பிவிடும். புளிப்பான எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அதுவும் துத்தநாகத்தைத்தான் தேடிப் போகும்.

கேள்வி: கருவி முழுக்க வெள்ளி மாதிரி இருக்கிறது, பெல்லின் உட்புறம் மட்டும் மஞ்சள். உள்ளே வெள்ளி தேய்ந்துவிட்டதா?

தேய்மானம் என்றால் திட்டுத் திட்டாக இருக்கும். உட்புறம் முழுக்கச் சீராக, விளிம்பில் கோடு போட்ட மாதிரி முடிந்தால் அது தங்க முலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பட்டறைகள் உடலுக்கு மங்கலான வெள்ளி, பெல்லின் உள்ளே தங்கம் என்று செய்வதை விரும்பின. அந்தத் தங்கம் மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி அத்தனை மெல்லியது. துணியால் அழுத்தித் துடைத்தாலே போய்விடும். வெளியே உள்ள வெள்ளியைத் துடைப்பதானாலும் வெள்ளிக்கான மென்துணி மட்டும், அதுவும் பூவேலையைத் தவிர்த்து. செதுக்கலின் பள்ளத்தில் கறுப்பு நிற்பதால்தான் பூ பூவாகத் தெரிகிறது.

உடல் முழுக்க வெள்ளியா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, பித்தளை மேல் முலாம்தான். பெல் மட்டும் நிஜ வெள்ளியாக உள்ளவை உண்டு, கிங் நிறுவனத்தின் ‘சில்வர் சோனிக்’ மாதிரி. அப்படியானால் ‘ஸ்டெர்லிங்’ என்று பெல்லிலேயே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: இசை ஆசிரியர் ஊதிப் பார்த்துவிட்டுச் சுருதி சேரவில்லை என்கிறார். ஸ்லைடை முழுக்க இழுத்தும் ஏறியே நிற்கிறது.

வால்வின் பக்கமோ மவுத்பீஸ் குழாயின் பக்கமோ ‘ஹெச்.பி.’ அல்லது ‘எல்.பி.’ என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். முதலாவது உயர்சுருதி, இரண்டாவது தாழ்சுருதி. இன்று ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வு. அக்காலத்து உயர்சுருதியில் அது 452-லிருந்து 457 வரை இருந்தது. 452 என்று வைத்துக்கொண்டாலே ஏறக்குறைய கால் சுரம் ஏற்றம். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960-கள் வரைகூட உயர்சுருதியிலேயே இருந்தன.

இறக்க வேண்டுமானால் 148 செ.மீ. குழாய்க்கு மொத்தம் 4 செ.மீ. சேர வேண்டும். ஸ்லைடுக்கு இரண்டு கால் என்பதால் 2 செ.மீ. இழுத்தால் போதும். அதோடு விட்டுவிட்டால் திறந்த சுரங்கள் (வால்வு எதையும் அமுக்காமல் ஊதுபவை) சேரும், விரல் வைத்த சுரங்கள் சேராது. வால்வு ஸ்லைடுகளையும் அதே விகிதத்தில் இழுக்க வேண்டும்: முதலாவதை 2.5 மி.மீ., மூன்றாவதை 4 மி.மீ. அளவுக்கு. உங்கள் ஸ்லைடில் அத்தனை இடம் இல்லையென்றால், நீளமான ஸ்லைடு செய்து மாட்டலாம். அசல் குழாயை வெட்ட விடாதீர்கள்.

நேர்மாறான சிக்கலும் வரும்: எல்லாம் அரைச் சுரம் இறங்கிக் கேட்கும். பழைய கருவிகள் பலவற்றில் பி-பிளாட்டிலிருந்து ‘ஏ’ சுருதிக்கு மாற ஸ்லைடில் ஒரு கோடோ சின்ன உருள் வால்வோ இருக்கும். தாத்தா கடைசியாக எதில் விட்டாரோ அதிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: ஒடுக்குகளை எடுத்துப் புது லாக்கர் அடித்தால் மதிப்பு கூடுமா?

லாக்கர் அடிப்பதற்கு முன் சக்கரத்தில் வைத்து மெருகேற்றுவார்கள். அதில் உலோகமும் செதுக்கலும் கரையும். பழைய கருவிகளைச் சேர்ப்பவர்கள் பெயர் மங்கிய பளபளப்பைக் கண்டால் ஒதுங்கிவிடுவார்கள். கறை படிந்த அசல் லாக்கருக்கு அங்கே மரியாதை அதிகம். ஒடுக்கு விஷயம் இடத்தைப் பொறுத்தது. பெல் விளிம்பில் உள்ளது கண்ணுக்குத்தான் குறை. மவுத்பீஸ் குழாயில் பயறு அளவு ஒடுக்கு விழுந்தாலும் ஒலி மாறும். அதை எடுத்தாக வேண்டும். வால்வுக் கூட்டில் விழுந்தால் பிஸ்டனே ஓடாது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் மேல் 1953-ல் யாரோ விழுந்து பெல் மேல்நோக்கி வளைந்துபோனது. அவருக்கு அந்த ஒலி பிடித்துப்போய், பிறகு வளைத்தே செய்யச் சொல்லி வாங்கினார். அது விதிவிலக்கு. மதிப்பைக் கேட்பதானால் விற்பவரையோ வாங்குபவரையோ கேட்காமல், பித்தளை வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள், எதையும் சரிசெய்வதற்கு முன்பே.

பெயர்பெற்ற ரகம் இல்லை என்று வருந்தவும் வேண்டாம். ஓல்ட்ஸின் ‘அம்பாசடர்’ மாணவர்களுக்காக ஏராளமாகச் செய்த சாதாரண ரகம். நல்ல நிலையில் உள்ள ஒன்றைத் தேர்ந்த கலைஞர்களே விரும்பி ஊதுகிறார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாருக்கும் ஊத வராது. வெறுமனே வைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பார்ப்பதற்கே நிறைய இருக்கிறது. பெல்லின் உட்புறத்தை வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்புங்கள். முலாம் இல்லாத பெல்லில் விளிம்பிலிருந்து குழாய்க்குள் ஓடும் மெல்லிய கோடு ஒன்று தெரியலாம். தகட்டை வெட்டி, மடித்து, பற்றவைத்து, அடித்தடித்து விரித்த இடம் அது. கோடு விளிம்புவரை வந்தால் ஒரே தகட்டுப் பெல். சற்று உள்ளே வட்டமாக ஒரு கோடு சுற்றி வந்தால் விரிந்த பகுதியைத் தனியாகச் செய்து ஒட்டியது. எந்தக் கோடுமே இல்லாத செம்பு பெல்லும் உண்டு. கான் நிறுவனம் ‘காப்ரியான்’ என்ற பெயரில், தகடே இல்லாமல் மின்சாரத்தால் செம்பைப் படியவைத்து உருவாக்கியது.

பிறகு தேய்மானம். இடது கை பிடிக்கும் வால்வுக் கூடுகளில் முலாம் எங்கே போயிருக்கிறது பாருங்கள். உள்ளங்கை பட்ட இடம், மோதிரம் உரசிய கீறல், மூன்றாம் ஸ்லைடின் வளையத்தில் விரல் நின்ற பள்ளம். முதல் பொத்தானின் சிப்பி மூன்றாவதைவிடக் குழிந்திருப்பதும் சகஜம். உங்கள் இடது கையை அந்தத் தேய்மானத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அவர் கை உங்களுடையதைவிடப் பெரியதா சிறியதா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய பெட்டி நாறுகிறது. எறிந்துவிடலாமா?

வேண்டாம். உட்துணியைத் தூசி உறிஞ்சி, இரண்டு நாள் நிழலில் திறந்து வையுங்கள். வாடை போகவில்லையென்றால் கருவியைப் புதுப் பெட்டிக்கு மாற்றி, பழையதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போதும். ரப்பர் பேண்டு மட்டும் கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். பெட்டியின் பைகளைத் துழாவிப் பாருங்கள்: கடைச் சீட்டு, உத்தரவாத அட்டை, இன்னொரு மவுத்பீஸ், நோட்டு மாட்டும் கவ்வி எது இருந்தாலும் கருவியின் பங்குதான். காகிதங்களை மட்டும் பெட்டியில் விடாமல் உலர்ந்த உறையில் போட்டு, அதன் மேல் வரிசை எண்ணை எழுதி வையுங்கள்.